பெடியங்கள் எங்க போனாங்க? மார்க்ஸ் ஷீட்டும் பெருக்கிற டவுனும்

போன மாசம் ஒரு அம்மா ரியூசன் காசு கட்ட வந்தவ, காசைத் தந்திட்டுப் போகாம வாசல்லயே நிண்டு, "சேர், இந்தப் பெடியங்களுக்கு என்னதான் நடக்குது, தங்கச்சிக்காரி சொல்லாமலே புத்தகத்தோட குந்திக்கொண்டு இருக்கிறா, இவன் என்னெண்டா கிளாசுக்கு வாறதே எங்களுக்குச் செய்யுற உபகாரம் மாதிரி வாறான்" எண்டு கேட்டா. "வயசு அப்படித்தான் அக்கா, சரி வரும்" எண்டு சமாளிச்சு அனுப்பிட்டன். அனுப்பினாப் பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு, ஏனெண்டா அது பதிலே இல்ல. திருகோணமலையில அனுராதபுரச் சந்திப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருசமா ஓ/எல் (பதினாறு வயசு மட்டில எழுதுற பொதுப் பரீட்சை) கணிதம் படிப்பிக்கிறன், என்ட கிளாஸ்லயே பொம்பிளப்பிள்ளைகள் பக்கம் வாங்கு காணாம கதிரை போட வேண்டிக் கிடக்கு, பெடியங்கள் பக்கம் கடைசி ரெண்டு வாங்கும் தூசி பிடிச்சுக் கிடக்கு. அந்த அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்ப ஆறுதலா எழுதிப் பாக்கிறன். பொருளியல் சமூகவியல் ஒண்டும் படிக்காத ஆளுக்கும் விளங்கோணும், விளங்காட்டி பிழை என்னில.

இதுல ரெண்டு விசயம் பின்னிக்கொண்டு கிடக்கு. ஒண்டு, பள்ளிக்கூடப் பெறுபேற்றுல பெடியங்களுக்கும் பொம்பிளப்பிள்ளைகளுக்கும் இடையில வாற வித்தியாசம், படிச்சவங்க இதை பால்நிலை இடைவெளி எண்டுவாங்க. மற்றது டவுன் கிடுகிடு எண்டு பெருக்கிறது, அதுக்குப் பேர் நகராக்கம். ரெண்டையும் தனித்தனியா எல்லாரும் கதைக்கிறாங்க, ஒண்டு மற்றதை எப்படி இழுக்குது எண்டு கதைக்கிறவங்க குறைவு.

முதல் இடைவெளியைப் பாப்பம். டானியல் வோயர், சூசன் வோயர் எண்டு கனடாவில ரெண்டு உளவியல்காரங்க, 1914ல இருந்து 2011 வரைக்குமான ஆய்வுகளை எல்லாம் ஒண்டாக் கூட்டி 2014ல ஒரு கட்டுரை போட்டாங்க. அதுல வந்தது என்னெண்டா, பள்ளிக்கூடத்துல டீச்சர்மார் போடுற மார்க்ஸ்ல பொம்பிளப்பிள்ளைகள்தான் முன்னுக்கு, மொழிப் பாடத்துல வித்தியாசம் கூட, கணிதம் விஞ்ஞானத்துல குறைவு, ஆனா அங்கயும் அவங்கதான் ஒரு படி மேல. இதுல எனக்குப் பிடிச்ச விசயம் அந்த வருசக் கணக்கு. 1914ல பப்ஜியும் இல்ல டிக்டொக்கும் இல்ல, அப்பவே இந்த இடைவெளி இருந்திருக்கு எண்டா அந்த அக்கா போனை மட்டும் பிடிச்சு ஏசுறது நியாயமில்ல (கொஞ்சம் ஏசலாம், முழுசா இல்ல).

அதே நேரம் வேற விதமா சோதிச்சா வேற விடை வருது. பீசா எண்டு ஒரு சர்வதேசப் பரீட்சை இருக்கு, 15 வயசுப் பிள்ளைகளுக்கு வைக்கிறது. 2022 பீசாவில, ஓஈசிடி எண்டு சொல்லுற, கூடுதலா வசதியான நாடுகளோட சராசரியில, வாசிப்புல பொம்பிளப்பிள்ளைகள் 24 புள்ளி கூட, கணிதத்துல பெடியங்கள் 9 புள்ளி கூட. அப்ப கணிதத்துல ஆர் கெட்டி எண்டு கேட்டா, வகுப்பு மார்க்ஸைக் கேக்கிறீங்களா அல்லது பீசா மாதிரிப் பரீட்சையைக் கேக்கிறீங்களா எண்டு நான் திருப்பிக் கேப்பன். வகுப்பு மார்க்ஸ்ல ஹோம்வேர்க் இருக்கு, கொப்பி வடிவா இருக்கிறது இருக்கு, ஒவ்வொரு நாளும் வாறது இருக்கு, டீச்சருக்கு முன்னால வாய் காட்டாம இருக்கிறதும் இருக்கு. அமெரிக்காவில ஏஞ்சலா டக்வேர்த், மார்டின் செலிக்மன் எண்டவங்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்ட்ட செய்த ஆய்வு 2006ல வந்தது, பொம்பிளப்பிள்ளைகளுக்கு மார்க்ஸ் கூட வாறதுக்கு மூளை கூட எண்டதில்ல காரணம், சுயகட்டுப்பாடுதான் எண்டு காட்டிச்சு. இஸ்ரேல்ல விக்டர் லாவி எண்ட பொருளியல்காரர் வேற மாதிரி பாத்தார், பேர் தெரிஞ்சு திருத்தின மார்க்ஸையும் பேர் தெரியாமத் திருத்தின மார்க்ஸையும் பக்கத்துல வச்சா, பேர் தெரிஞ்ச இடத்துல பெடியங்களுக்குக் கொஞ்சம் வெட்டு விழுந்திருந்தது. எங்கட ஓ/எல் பேப்பர்ல சுட்டெண் மட்டும்தான் போகுது, அதால அங்க அந்தச் சிக்கல் குறைவு. தவணைப் பரீட்சையில? நானும் திருத்துறனான்தான், கையெழுத்து வடிவா இருந்தா மனசு இளகுறது உண்மை.

இனி எல்லாரும் பிழை விடுற இடம். "பொம்பிளப்பிள்ளைகள் முன்னுக்கு" எண்டா எல்லாப் பொம்பிளப்பிள்ளைகளும் எல்லாப் பெடியங்களையும் விட முன்னுக்கு எண்டு அர்த்தமில்ல. சும்மா ஒரு கற்பனைக் கிளாஸ் எடுங்க, பத்துப் பெடியங்கள் பத்துப் பொம்பிளப்பிள்ளைகள். பெடியங்கள்ட மார்க்ஸ் 92, 85, 70, 60, 55, 40, 35, 28, 20, 15. கூட்டினா 500, சராசரி 50. பொம்பிளப்பிள்ளைகள்ட மார்க்ஸ் 84, 76, 72, 66, 62, 58, 55, 51, 40, 36. கூட்டினா 600, சராசரி 60. பத்து மார்க்ஸ் இடைவெளி. ஆனா கிளாஸ்ல முதலாம் பிள்ளையும் பெடியன், ரெண்டாம் பிள்ளையும் பெடியன். அப்ப அந்தப் பத்து மார்க்ஸ் எங்க இருந்து வந்தது? அடியில கிடக்கிற 28, 20, 15 எண்ட அந்த மூண்டு பெடியங்கள்ட இருந்துதான். அந்த மூண்டு பேரையும் எடுத்திட்டு மிச்ச ஏழு பெடியங்கள்ட சராசரியைப் பாருங்க, 437 ஐ 7ஆல பிரிச்சா 62க்கு மேல வரும், பொம்பிளப்பிள்ளைகளையே தாண்டிட்டாங்க. இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வச்சிருங்க, பிறகு தேவைப்படும்.

சரி, இப்ப டவுன் கதை.

1950ல உலக சனத்துல நூற்றுக்கு 30 பேர்தான் நகரத்துல இருந்தாங்க, 2018ல ஐக்கிய நாடுகள் கணக்குப்படி 55 பேர். டாக்காவில 1950ல மூண்டரை லட்சம் சனம் கூட இல்ல, 2012 குடிசன மதிப்பீட்டில எங்கட முழுத் திருகோணமலை மாவட்டத்துல இருந்ததை விடக் குறைவு, இப்ப அங்க ரெண்டு கோடிக்கு மேல. ஒரு டவுன் பெருக்கிறது மூண்டு விதமா நடக்கும். உள்ள இருக்கிற சனத்துக்குப் பிள்ளை பிறந்து பெருக்கும், வெளியில இருந்து சனம் வந்து பெருக்கும், மூண்டாவது கொஞ்சம் பகிடியானது, ஆரும் வராமலே அரசாங்கம் கோட்டைத் தள்ளிப் போட்டுப் பெருக்கும். எங்கட நாட்டுல இந்த மூண்டாவது தலைகீழா நடந்தது. இலங்கையில மாநகரசபையும் நகரசபையும் இருக்கிற இடம்தான் கணக்குல நகரம். 1987ல பட்டினசபைகளை எல்லாம் பிரதேச சபைக்குள்ள போட்டதோட அந்தச் சின்ன டவுன்கள் எல்லாம் ஒரே நாள்ல கிராமமாப் போச்சு. அதாலதான் 1981ல 21 வீதத்துக்கு மேல இருந்த நகர சனத்தொகை 2012ல 18 வீதம் எண்டு குறைஞ்சு காட்டுது, முப்பது வருசத்துல ஊர் முழுக்கக் கடையும் கட்டடமும் வந்தாப் பிறகு. உப்புவெளி கடற்கரையில நிண்டு பாருங்க, வரிசையா ஹொட்டல், ரெஸ்டோரண்ட், ஏடிஎம், வெள்ளைக்காரங்க ஸ்கூட்டர்ல திரியுறாங்க, அது பிரதேச சபைக்குள்ள வாறதால அந்தக் கணக்குப்படி கிராமம்.

திருகோணமலை டவுன் சாதாரணமா வளர்ந்த டவுன் இல்ல. துறைமுகத்துக்காக வெள்ளைக்காரன் வளர்த்தான், கடற்படைத் தளத்தை 1957ல விட்டிட்டுப் போனான், பிறகு சீனக்குடாப் பக்கம் மா ஆலை வந்தது, சீமெந்துத் தொழிற்சாலை வந்தது, ஆனா சனம் டவுனுக்குள்ள வந்ததுல பெரிய பங்கு யுத்தத்துக்குத்தான். தொழில் தேடி வாறதும் உயிர் தப்பி வாறதும் ஒண்டில்ல. தொழில் தேடி வாறவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விசாரிச்சிட்டு வருவான், 2006ல மூதூர், சம்பூர்ப் பக்கம் இருந்து ஓடி வந்த சனத்துக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம். 2009க்குப் பிறகு வேற மாதிரிப் பெருக்கம், ரோட்டு வந்தது, கிண்ணியாவை டவுன் பக்கத்தோட இணைக்கிற கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர்ல திறந்தது, 396 மீற்றர் நீளம், அதுக்கு முன்னம் பாதை எண்டு நாங்க சொல்லுற அந்த ஃபெரிக்குக் காவல் நிண்ட ஞாபகம் என்ட வயசு ஆக்களுக்கு எல்லாம் இருக்கும். பிறகு கங்கை, இறால்குழி, வெருகல் எண்டு அந்தப் பக்கமும் பாலங்கள் வந்து மூதூரால போறதே லேசாப் போச்சு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் டூரிசம் வந்தது.

டூரிசம் எண்டதும் சீசனைச் சொல்லோணும், ஏனெண்டா இந்தக் கதையோட முடிச்சு அங்கதான் இருக்கு. எங்கட பக்கம் சீசன் சித்திரைக்குப் பிறகு தொடங்கி செப்டெம்பர் மட்டும், தெற்கில கடல் கொந்தளிக்கிற நேரம் எங்கட கடல் குளம் மாதிரிக் கிடக்கும். பள்ளிக்கூடத்துல அது எந்த நேரம்? வழமையான கலண்டர்ல ரெண்டாம் தவணை. ஓ/எல் எடுக்கிற வருசத்துல சிலபஸ்ட நடுப்பகுதி ஓடுற தவணை அது. அந்த நேரம் பதினாறு வயசுப் பெடியனுக்கு, நிலாவெளிக்கு எதிர்க்கக் கடலுக்குள்ள இருக்கிற புறாத்தீவுக்கு ஆள் ஏத்துற போட்டுல உதவியாளா நிக்கலாம், கெஸ்ட் ஹவுஸ்ல நிக்கலாம், மாமாட ஓட்டோவை மத்தியானத்துல எடுக்கலாம், கட்டட வேலைக்குப் போகலாம், காசு பின்னேரமே கையில. எங்கட கிளாஸ்ல ஒருத்தன் ஆனி மாசம் காணாமப் போய் புரட்டாசியில கறுத்துப் போய் வந்தான், மூண்டு மொழியில வணக்கம் சொல்லுறான், இருபடிச் சமன்பாட்டைக் கேட்டா முகட்டைப் பாக்கிறான்.

ஏ/எல் (ஓ/எல்லுக்குப் பிறகு படிக்கிற உயர்தரம்) பொருளியல் படிச்ச ஆக்களுக்கு அமையச் செலவு எண்ட சொல் ஞாபகம் இருக்கும். ஒண்டைத் தெரிவு செய்யேக்க கைவிடுற மற்றதோட பெறுமதி. பள்ளிக்கூடம் இலவசம் எண்டு நாங்க சொல்லுறம், கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா 1945ல கொண்டு வந்த இலவசக் கல்வி, பீஸ் இல்ல, புத்தகம் யூனிபோர்ம் கூட அரசாங்கம் தருது. ஆனா அமையச் செலவு இலவசம் இல்ல. ஒரு கணக்குக்கு நாள் கூலி 2500 ரூபா எண்டு வச்சுக்கொண்டா, மாசம் இருபது நாள் வகுப்புல குந்தியிருக்கிற பெடியனுக்கு மாசம் 50,000 ரூபா போகுது எண்டு அர்த்தம். அவன் அப்படிக் கணக்குப் போட்டுப் பாக்கிறானா எண்டா பாக்கமாட்டான், ஆனா பக்கத்து வீட்டுப் பெடியன் புது பைக்ல போறதைப் பாக்கிறான், அது போதும். டவுன் சின்னனா இருக்கேக்க இந்த 2500 ரூபா எங்க இருந்தது? தோட்டமும் கடலும்தான், அது அப்பாவோட சேர்ந்து செய்யுறது, பின்னேரம் கையில காசு வராது. டவுன் பெருக்கப் பெருக்க, சேட்டிபிகேட் கேக்காத கைக்காசு வேலை கூடுது, பெடியனுக்குப் படிப்போட அமையச் செலவு ஏறுது. படிப்போட பலன் குறைஞ்சதெண்டு இல்ல, பலன் பத்து வருசத்துக்கு அங்கால நிக்குது, 2500 ரூபா இண்டைக்குப் பின்னேரம் நிக்குது.

இது எங்கட ஊர்ச் சீக்கு மட்டும் இல்ல. மெக்சிகோவில ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஊருக்கு ஊர் திறந்த காலத்தை டேவிட் அட்கின் எண்ட பொருளியல்காரர் ஆராய்ஞ்சு 2016ல எழுதினார், புதுசா வந்த ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டிருந்தது. ஊருக்கு வேலை வந்தா எல்லாரும் பால்சோறு காய்ச்சுறம், அந்தக் கணக்கை ஆரும் எழுதி வைக்கிறதில்ல.

இப்ப அந்தக் கற்பனைக் கிளாசுக்குத் திரும்பி வாங்க. 28, 20, 15 எடுத்த மூண்டு பெடியங்களும் சீசனுக்குப் போய்த் திரும்பி வரயில்ல எண்டு வைப்பம். பரீட்சைக்கு இருந்தது ஏழு பெடியங்கள், பத்துப் பொம்பிளப்பிள்ளைகள். பெடியங்கள்ட சராசரி 50ல இருந்து 62க்கு ஏறிட்டுது. அதிபர் மேடையில நிண்டு "இந்த வருசம் எங்கட ஆண் மாணவர்கள் முன்னேறியிருக்காங்க" எண்டு சொன்னா அது பொய்யில்ல, ஆனா ஒருத்தன் கூட ஒரு மார்க்ஸ் கூட எடுக்கயில்ல. இடைவெளி மூடினது படிப்பால இல்ல, ஆள் குறைஞ்சதால. மார்க்ஸ் ஷீட்டுல இருக்கிறது இருந்த ஆக்கள்ட மார்க்ஸ், போன ஆக்கள்ட மார்க்ஸ் எங்கயும் எழுதிறதில்ல. ஆகவே ஒரு பள்ளிக்கூடத்துல பெடியங்கள் எப்படி எண்டு அறியோணும் எண்டா சராசரியை விட்டிட்டு, ஆறாம் ஆண்டு ரெஜிஸ்டர்ல எத்தனை பேர் இருந்தாங்க, அதே பேட்ச்ல ஓ/எல் எழுதினது எத்தனை பேர் எண்டு பாருங்க, அங்க இருந்து ஏ/எல்லுக்குப் போனது எத்தனை எண்டும் பாருங்க. பள்ளிக்கூடம் மாறிப் போன ஆக்களைக் கழிக்கோணும், இல்லாட்டி டவுன்ல இருக்கிற பெரிய பள்ளிக்கூடங்கள் நல்லாத் தெரியும், ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலஷிப் பாஸ் பண்ணின பிள்ளைகளை அங்க எடுத்துப் போடுறாங்கதானே, விட்டிட்டு வந்த கிராமத்துப் பள்ளிக்கூடம் கணக்குல இன்னும் கொஞ்சம் கீழ போகும்.

பொம்பிளப்பிள்ளைகள் பக்கம் டவுன் என்ன செய்யுது? இங்க கதை வேற. பதினாறு வயசுப் பிள்ளையைப் போட்டுல ஏத்தி அனுப்ப எங்கட சனம் விடாது, ஓட்டோ ஓட விடாது, கட்டட வேலைக்கு விடாது. நல்லதோ கெட்டதோ, அவளுக்கு அந்த 2500 ரூபா வழி இல்ல. அவளுக்கு டவுன்ல திறந்திருக்கிற கதவெல்லாம் சேட்டிபிகேட் கேக்கிற கதவு, டீச்சிங், நேர்சிங், பேங்க், அரசாங்க ஒபிஸ், சுப்பர்மார்க்கெட்ல கெஷியர் வேலைக்குக் கூட ஓ/எல் ரிசல்ட் கேக்கிறாங்க. ஆக ஒரே டவுன் அண்ணனுக்கு "படிக்காட்டியும் வா" எண்டு சொல்லுது, தங்கச்சிக்கு "படிச்சிட்டு வா" எண்டு சொல்லுது. அந்த அக்காட வீட்டுல நடக்கிறது இதுதான் எண்டு நான் நினைக்கிறன். தங்கச்சி நல்ல பிள்ளை, அண்ணன் கெட்ட பிள்ளை எண்டதில்ல. (வீட்டு வேலை முழுக்க அவள் தலையில, அம்மா மிடில் ஈஸ்ட் போன வீடு எண்டா சின்னதுகளைப் பாக்கிறதும் அவள்தான், அதுக்குள்ளயும் படிக்கிறாள். அதையும் சொல்லிப்போடோணும்.)

வேலை தெரிஞ்சா படிப்பு கூடும் எண்டதுக்கு ஒரு வடிவான சான்று இந்தியாவில இருக்கு. ரொபர்ட் ஜென்சன் எண்டவர் டெல்லிக்கு வெளியால இருக்கிற கிராமங்கள்ல குலுக்கிப் போட்டு சிலதைத் தெரிவு செய்து, அங்க இருக்கிற இளம் பெண்களுக்கு கோல் சென்டர் மாதிரி வேலைகளுக்கு ஆள் எடுக்கிறவங்களை மூண்டு வருசம் அனுப்பிப் பாத்தார், 2012ல முடிவு வந்தது. வேலைக்குப் போனவங்க கலியாணத்தைத் தள்ளிப் போட்டதை விடுங்க, அந்தக் கிராமத்துச் சின்னப் பொம்பிளப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல இருக்கிறது கூடிச்சு. அக்காமாருக்கு வேலை இருக்குதெண்டு தெரிஞ்ச உடன, தாய் தகப்பன் தங்கச்சிமாரைப் படிப்பிக்கத் தொடங்கிட்டாங்க. புத்திமதி ஒண்டும் சொல்லயில்ல, போஸ்டர் ஒட்டயில்ல.

ஆனா பொம்பிளப்பிள்ளைக்கு இன்னொரு தடை இருக்கு, அது தூரம். டவுன் பெருக்கேக்க நல்ல பள்ளிக்கூடமும் நல்ல ரியூசனும் நடுவுக்குள்ள குவியுது, சனம் வெளிப்பக்கமாப் போய்க் குடியேறுது, ஏனெண்டா டவுனுக்குள்ள காணி விலை தொட ஏலாது. இடையில கிலோமீற்றர் கூடுது. பெடியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருவான், பிள்ளையைத் தனிய அனுப்ப வீட்டுல யோசிப்பாங்க. இந்தியாவில பீகார் மாநிலத்துல 2006ல ஒன்பதாம் வகுப்புக்குப் போற பொம்பிளப்பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க 2000 ரூபா குடுத்தாங்க, கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ஞ்சு பாத்தா, அந்த வயசுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்றது 30 வீதத்துக்கு மேல கூடியிருக்கு, பெடியங்களுக்கும் அவங்களுக்கும் இருந்த இடைவெளி 40 வீதம் சுருங்கியிருக்கு, அதுவும் பள்ளிக்கூடத்துக்குத் தூரத்துல இருந்த ஊர்கள்லதான் கூட. கிண்ணியாப் பாலத்தை நான் பள்ளிக்கூடக் கட்டடம் எண்டு சொல்லுறது இதாலதான், கேக்கிறவங்க சிரிப்பாங்க. பாதைக்குக் காவல் நிண்டு இருட்டுப்பட வீட்டுக்கு வாற காலத்துல எத்தனை பிள்ளைகளை டவுன்ல ஏ/எல் படிக்க விட்டிருப்பாங்க?

டவுன் எண்டு ஒண்டாச் சொல்லுறது கூடப் பிழை. உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு டாக்டர்ட மகனுக்கு அமையச் செலவு ஒண்டும் கிடையாது, அவனை ஆரும் போட்டுக்குக் கூப்பிடப் போறதில்ல, அவன் தங்கச்சிக்குச் சமனாப் படிக்கிறான். இடைவெளி அகலமா இருக்கிறது கையில காசு இல்லாத வீடுகள்லதான். இதை எங்கட நாட்டுக் கம்பஸ் அனுமதிக் கணக்கு வடிவா மறைச்சிரும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுக்க மெரிட்ல எடுக்கிறாங்க, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு, திருகோணமலையும் அந்தப் பின்தங்கின பட்டியல்லதான். ஆனா மாவட்டம் எண்டா டவுன்ல நாலு ரியூசன் போற பிள்ளையும் வெருகல்ல கணிதத்துக்கு டீச்சர் இல்லாம இருக்கிற பிள்ளையும் ஒரே கோட்டாவுக்குள்ளதான். டவுன் பெருக்கப் பெருக்க, பின்தங்கின மாவட்டத்துக்கெண்டு ஒதுக்கின அந்தக் கம்பஸ் இடங்கள்ல டவுன் பிள்ளை போய் இருக்கும். இதை நான் டவுன்ல ரியூசன் குடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு சொல்லுறன், தெரியும்.

மார்க்ஸ்ல வெண்டா வாழ்க்கையிலயும் வெண்டாச்சு எண்டு நினைக்காதீங்க. எங்கட நாட்டுக் கம்பஸ்கள்ல படிக்கிற ஆக்கள்ல பத்துக்கு ஆறு பேர் பெண்கள், ஆர்ட்ஸ்ல அதுக்கும் மேல, இஞ்சினியரிங் மாதிரித் துறைகள்ல பெடியங்கள் கூட. ஆனா வெளியால வந்து பாத்தா, 15 வயசுக்கு மேல உள்ள பெண்கள்ல வேலை செய்யுற அல்லது வேலை தேடுற ஆக்கள் மூண்டில ஒரு பங்கு மட்டில, ஆண்கள்ல பத்துக்கு ஏழு பேர். அப்ப படிப்புல முன்னுக்கு நிண்ட அந்தப் பிள்ளைகள் எங்க? கலியாணம், பிள்ளை, டிகிரிக்கேத்த வேலை கிடைக்கும் வரைக்கும் வீட்டுல இருக்கிறது, அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறது, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லாதது. மார்க்ஸ் ஷீட்டுல இருந்து பெடியங்கள் காணாமப் போறாங்க, சம்பள ஷீட்டுல இருந்து பொம்பிளப்பிள்ளைகள் காணாமப் போறாங்க. 1920கள்ல பொம்பிளப்பிள்ளைகளுக்கெண்டு இந்த டவுன்ல இந்துப் பள்ளிக்கூடம் தொடங்கின ஆக்கள் படிப்புக்கான கதவைத் திறந்து விட்டாங்க, நூறு வருசமாச்சு, அங்கால கதவு இன்னும் அரைவாசிதான் திறந்திருக்கு.

அப்ப அந்த அக்காவுக்கு என்ன சொல்லுறது? மகனுக்கு ஏசுறதை விட, சீசன் நேரம் அவனைக் கிளாஸ்ல வச்சிருக்கிறதுக்கு என்ன செய்யலாம் எண்டு பாருங்க எண்டு சொல்லியிருக்கலாம். சனி ஞாயிறுல மட்டும் வேலைக்கு விடுறதெண்டு பேசி முடிச்ச வீடுகளும் இருக்கு, அது முழுசா மறிக்கிறதை விட நல்லா வேலை செய்யுது எண்டது என்ட அனுபவம், ஆய்வு ஒண்டும் இல்ல. ஓ/எல் முடிச்சா அதே ஹொட்டல்ல ஹொட்டல் டிப்ளோமாவோட போகலாம், டெக்னிக்கல் கொலேஜ் இருக்கு, 2013ல இருந்து ஏ/எல்ல டெக்னோலஜி ஸ்ட்ரீம் இருக்கு எண்டு காட்டலாம். பத்து வருசத்துக்கு அங்கால நிக்கிற பலனை ரெண்டு வருசத்துக்குக் கிட்டக் கொண்டு வந்து வச்சாத்தான் அவன்ட கண்ணுக்குத் தெரியும்.

இதை எழுதி முடிக்கேக்க ஏழரை, கிளாஸ் விட்டிட்டுது. கேட்டுக்கு வெளியால வழமை போல ஏழெட்டு பைக் நிக்குது, தங்கச்சிமாரை ஏத்திக்கொண்டு போக வந்த அண்ணன்மார். அதுல மூண்டு பேர் என்ட பழைய ஸ்டூடன்ட்ஸ், ஓ/எல் எழுதாம விட்டவங்கள், ஒருத்தன் இப்ப போட்டுல. அவன் வராத நாள்ல அவன்ட தங்கச்சியும் கிளாசுக்கு வாறதில்ல, உப்புவெளிக்கு அந்த நேரம் தனிய விடமாட்டாங்க. போன கிழமை டெஸ்ட்ல அவளுக்கு 81. பேப்பரை பைக்கிட ஹெட்லைட் வெளிச்சத்துல பிடிச்சு, கடைசிக் கணக்கை ஏன் பிழை விட்டவள் எண்டு அவன்தான் என்னட்டக் கேட்டுக்கொண்டு நிண்டான்.